அண்டூரில் வாளின் வெட்டக்கூடிய பிரதி ஒன்று வாங்கியிருக்கிறேன். நம்பிக் கையில் எடுக்கலாமா?

மழைவாசி (கேள்வி)

வணக்கம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாம் படத்தில் எல்ரோண்ட் கொண்டுவந்து அரகார்ன் கையில் கொடுக்கும் அண்டூரில் வாளைப் பற்றித்தான் கேட்கிறேன். 2003-இல் அந்தப் படம் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்றிலிருந்து அந்த வாள் என் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சுவரில் மாட்டும் அலங்கார வாள் ஒன்று ஏற்கெனவே வைத்திருந்தேன். அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஓராண்டு பணம் சேர்த்து, வெட்டக்கூடியது என்று விற்கிற பிரதி ஒன்றை 640 டாலருக்கு வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 5160 ஸ்பிரிங் ஸ்டீல், கைப்பிடி முழுக்க ஓடும் காம்பு (கைப்பிடிக்குள் நீளும் அலகின் வால்), எண்ணெயில் தோய்ச்சல் போட்டது (சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கியது), கூர் வைத்தது.

போன வாரம் வந்து சேர்ந்தது. பார்க்க அச்சு அசல் படத்தில் வருவது போலவே இருக்கிறது. அலகில் எழுத்துகள், கைப்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ், தோல் சுற்று எல்லாம் அப்படியே. மொத்த நீளம் 133 செ.மீ. சமையல் தராசில் வைத்தால் 2.3 கிலோ காட்டுகிறது. ஆனால் வேகமாக ஒரு தடவை அசைத்தால் கைப்பிடிக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தோட்டத்தில் தண்ணீர் பாட்டில் வெட்டிப் பார்க்க ஆசை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்குப் பயம். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து பயம்தான். இது உண்மையிலேயே வாள்தானா, இல்லை கூர் வைத்த அலங்காரப் பொருளா? எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பட்டறைக்காரன்

தம்பி, முதல் வேலையாக அதை மேசைமேல் வையுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு வீச்சு கூட வேண்டாம். இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். நான் ஹாமில்டனில் எஃகுக்குத் தோய்ச்சல் போடும் பட்டறையில் 17 வருடமாக இருக்கிறேன். ஏழெட்டு வருடம் முன்பு நண்பர் ஒருவர் இதே வாளின் அலங்காரப் பதிப்பை வீட்டுப் பின்புறத்தில் வீசிக் காட்டினார். எதையும் வெட்டவில்லை, காற்றில் சுழற்றினார், அவ்வளவுதான். நான்காவது வீச்சில் கைப்பிடி அவர் கையில் இருந்தது, அலகு பக்கத்து வீட்டு வேலியில் குத்தி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் ஒரு பெண் குழந்தை சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். உடைந்த இடத்தைப் பார்த்தேன். அலகின் அடியில் பென்சில் பருமனில் ஒரு திருகாணிக் கம்பியை வெல்டு வைத்திருந்தார்கள். வெல்டு சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு விளையாட்டுப் பேச்சு வராது.

இனி உங்கள் வாளுக்கு வருவோம். படத்தில் வந்த வாள்களை நியூசிலாந்தில் வெல்லிங்டனில் இருக்கும் வேட்டா வொர்க்‌ஷாப்பில் பீட்டர் லயன் என்ற வாள் கொல்லர் செய்தார். அருகில் வைத்துக் காட்டும் வாள் ஸ்பிரிங் ஸ்டீல். சண்டைக் காட்சிக்கு அலுமினியம். கூட்டத்தில் ஓடுகிறவர்களுக்கு ரப்பர் போன்ற யூரித்தேன். ஒரே வாள், மூன்று உடம்பு. அரகார்னாக நடித்த விகோ மார்ட்டென்சன் மட்டும் பிடிவாதமாக எஃகு வாளையே பிடித்துப் பழகினார். நீங்கள் வாங்க நினைத்தது அந்த எஃகு உடம்பை. விற்றவர் அதைத்தான் கொடுத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

வெளித்தோற்றத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எழுத்துகளும் குமிழும் படத்தில் உள்ளபடி இருப்பது சுலபம், புகைப்படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். படம் காட்டாத இடம் இரண்டு உண்டு. ஒன்று அலகின் தடிப்பு. இன்னொன்று கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் காம்பு, டாங் என்பார்களே அது. செய்தவருக்கு வாள் தெரியுமா, படம் மட்டும் தெரியுமா என்பது அந்த இரண்டு இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

தடிப்பைப் பார்க்க ஒரு வெர்னியர் காலிப்பர் வேண்டும். இல்லாவிட்டால் 20 டாலருக்குக் கிடைக்கும் டிஜிட்டல் காலிப்பர் போதும். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் கைக்காப்பை ஒட்டி ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, நுனிக்கு ஒரு சாண் முன்னால் ஒரு அளவு எடுங்கள். அலகின் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் வைக்காமல் பள்ளத்தின் கரையில் வையுங்கள். நல்ல வாளில் அடியிலிருந்து நுனிக்குப் போகப் போகத் தடிப்பு குறைந்துகொண்டே வரும். அடியில் 6 மி.மீ. என்றால் நுனிப் பக்கம் 3 மி.மீ.க்கு வந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தென்னை ஈர்க்கு மாதிரி இருக்க வேண்டும். பலர் இந்த வேலையைச் செய்வதே இல்லை. ஒரே தடிப்புள்ள பட்டையை வாங்கி, வாள் வடிவத்துக்கு அறுத்து, கூர் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் மண்வெட்டி பிடித்தது போல நுனி கீழே இழுக்கும்.

அண்டூரிலில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். அதன் அலகு நீளம், அகலம், வெகுதூரம்வரை அகலம் குறையாமலே போகிறது. திரையில் அந்தக் கம்பீரம் அதனால்தான் வருகிறது. ஆனால் அகலத்தைக் குறைக்காமல் எடையைக் குறைக்க வேண்டுமானால் தடிப்பில்தான் கை வைக்க முடியும். பழைய இரட்டைக்கை வாள்கள் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோவுக்குள் அடங்கும், பெரிய போர்வாள்கள் 2 கிலோவை நெருங்கும். உங்களுடையது 2.3. எடை கூடுதல்தான். ஆனால் எடையை மட்டும் வைத்துக் கழித்துவிட முடியாது, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மடித்த துணியை ஒரு கட்டை விளிம்பில் போட்டு, அதன்மேல் வாளைக் கிடத்தி, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். கைக்காப்பிலிருந்து 7 முதல் 12 செ.மீ.க்குள் இருந்தால் மகிழ்ச்சி.

எஃகு நிஜமாகவே கார்பன் எஃகுதானா என்று பார்க்கக் காந்தம் வைக்காதீர்கள். அலங்கார வாள்களுக்குப் போடும் 420 ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும். அதற்குப் பதில் கைப்பிடியைக் கழற்றும்போது காம்பில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மணையில் எலுமிச்சை அரிந்தால் கறுக்குமே, அப்படிக் கறுத்தால் கார்பன் எஃகு. பளபளப்பு மாறாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ். 5160 என்பது லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் போடுகிற எஃகு வகை. ஊரில் அரிவாள் அடிக்கிறவர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. வளையும், திரும்பும், லேசில் முறியாது.

குமிழ் கழலுமா? அடியில் அறுகோணத் துளை இருந்தால் ஆலன் கீ போட்டுத் திருகிப் பாருங்கள். காம்பின் நுனியைக் குமிழின்மேல் அடித்துப் பரப்பியிருந்தால் கழலாது, விட்டுவிடுங்கள், வேறு வழி பார்க்கலாம். அளவுகளோடு திரும்பி வாருங்கள்.

---

நீலக்கதவு

அண்ணா சொன்ன எல்லாவற்றோடும் சின்னதாக ஒன்று. நான் லண்டனில் வாரம் ஒருநாள் நீள்வாள் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஆசிரியர் புது வாள் வந்தால் முதலில் செய்யச் சொல்வது இதுதான்: கைப்பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, நுனி தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, குமிழை மறுகையால் தட்டுங்கள். அலகு முழுக்க நடுங்கும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நடுங்காமல் நிற்கும். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த அமைதியான இடம் இருந்தால் நல்லது. அங்கே பட்டால் வெட்டு சுத்தமாக விழும், கைக்கு அதிர்ச்சி வராது. பேனாவால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இங்கிலாந்தில் 50 செ.மீ.க்கு மேல் அலகுள்ள வளைந்த வாள்களை விற்க 2008-இலிருந்து தடை, சில விலக்குகள் மட்டும் உண்டு. அண்டூரில் நேர்வாள் என்பதால் அந்தத் தடையில் வராது. கனடாவில் எப்படி என்று அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டறைக்காரன்

கனடாவில் வாள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. மறைத்துக் கொண்டுபோவதும், தீங்கு செய்யும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் குற்றம். வெளியே எடுத்துப் போனால் பெட்டியில் பூட்டிக் கொண்டுபோங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் வீட்டிலும் பூட்டுத்தான்.

---

மழைவாசி

அண்ணா, நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எல்லாம் அளந்தேன்.

தடிப்பு: கைக்காப்பு அருகே 6.4 மி.மீ., நடுவில் 5.2, நுனிப் பக்கம் 4.1. சமநிலைப் புள்ளி கைக்காப்பிலிருந்து 13.5 செ.மீ. குமிழைத் தட்டிப் பார்த்ததில் நடுங்காத இடம் நுனியிலிருந்து 30 செ.மீ. சுமார்.

குமிழின் அடியில் ஆலன் கீ துளை இருந்தது. திருகினேன். முதல் கால் சுற்று எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது, அதாவது இறுக்கமே இல்லை. குமிழை எடுத்ததும் கைப்பிடி மரம் கையோடு வழுக்கி வந்துவிட்டது. உள்ளே மரத்துக்கும் காம்புக்கும் இடையில் நகம் போகிற அளவு இடைவெளி. 'டிக்' சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காம்பு அடியில் 22 மி.மீ. அகலம், தடிப்பு 6 மி.மீ. குமிழ்ப் பக்கம் ஒடுங்கிப் போய் கடைசி மூன்று செ.மீ. மட்டும் உருண்டையாக்கி மரை போட்டிருக்கிறார்கள். வெல்டு எங்கும் தெரியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு விட்ட இடம் கறுத்துவிட்டது! அலகு முடிந்து காம்பு தொடங்கும் இடம் மட்டும் ஸ்கேல் வைத்து அறுத்தது போல சரியாக 90 டிகிரி மூலையாக இருக்கிறது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

---

பட்டறைக்காரன்

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

முதலில் நல்ல செய்தி. காம்பு அலகோடு ஒரே எஃகு. 22 மி.மீ. அகலம் நல்ல அகலம். ஒட்டுப் போடவில்லை, மரையை அதே எஃகில் போட்டிருக்கிறார்கள். தடிப்பு 6.4-லிருந்து 4.1-க்கு இறங்குகிறது. நான் செய்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டராவது இறக்கியிருப்பேன், ஆனால் செய்தவர் பட்டையை அப்படியே அனுப்பிவிடவில்லை, உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். சமநிலைப் புள்ளி 13.5 என்பது முன்னால் கனத்த வாள். வேகமாகத் திசை மாற்ற வராது. விழுந்தால் பலமாக விழும். நடுங்காத இடம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த 90 டிகிரி மூலை. அதுதான் இந்த வாளின் ஒரே ஆபத்து. வாள் ஒன்றில் மோதும்போது வரும் அதிர்ச்சி முழுக்க அலகும் காம்பும் சேரும் இடத்தில் வந்து கூடும். மூலை கூர்மையாக இருந்தால் அந்த அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் பிறக்கும். எங்கள் பட்டறைக்குத் திரும்பி வருகிற முறிந்த தண்டுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மூலையில்தான் முறிந்திருக்கும். தோய்ச்சல் போடும்போதே கூட, எண்ணெயில் இறக்கிய நொடியில், அந்த மூலையில் வெடிக்கலாம். அதனால் முதலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் பொடியில் ஒரு மெல்லிய கோடாக ஊறி வரும்.

கோடு வராவிட்டால் 6 மி.மீ. வட்ட அரம் ஒன்று வாங்கி அந்த மூலையை உள்வளைவாகத் தேய்த்துவிடுங்கள். ஆரம் 3 மி.மீ. வந்தால் போதும். பிறகு எமரித் தாளால் கீறல் தெரியாதவரை மெருகேற்றுங்கள். மெஷின் போடாதீர்கள், சூடேறினால் பதம் போய்விடும். கையால்தான்.

அந்த அரமே உங்களுக்கு இன்னொரு பதிலையும் சொல்லிவிடும். தேய்க்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். அரம் வெண்ணெயில் போவது போல எளிதாகக் கடித்தால் எஃகு மெத்து, தோய்ச்சலே ஏறவில்லை. கண்ணாடிமேல் வழுக்குவது போல 'கீச்' என்று வழுக்கினால் அளவுக்கு மீறிக் கடினம், முறியும். இரண்டுக்கும் நடுவே, அழுத்தினால் தயங்கித் தயங்கிக் கடிக்கும், தூள் மாவு போல விழும். அதுதான் நமக்கு வேண்டியது. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 50-ஐ ஒட்டி இருந்தால் வாளுக்கு நல்ல பதம். 5160-ஐ 840 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி எண்ணெயில் இறக்கி, அப்புறம் மறுபடி 400 டிகிரி அளவில் சூடேற்றிப் பதம் இறக்கினால் அங்கே வந்து நிற்கும். காம்பை மட்டும் வேண்டுமென்றே மெத்தாக விடுகிறவர்களும் உண்டு. அதனால் காம்பில் அரம் கொஞ்சம் எளிதாகக் கடித்தால் பயப்பட வேண்டாம், அலகின் அடியில் கைக்காப்பு மறைக்கும் இடத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள்.

கைப்பிடி ஆட்டத்துக்கு, காம்பின் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் துண்டு ஒட்டி, மரத்தை இறுக்கமாகத் தள்ளி ஏற்றுங்கள். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தோல் வாஷர். பிறகு நன்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு தடவை வெட்டுவதற்கு முன்பும் இறுக்கத்தைப் பாருங்கள்.

வளைவுச் சோதனையும் ஒன்று செய்யலாம். நுனியை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, அலகு ஒரு கையகலம் வளையும்வரை மெதுவாக அழுத்தி விடுங்கள். திரும்ப நேராக வந்துவிட வேண்டும். வீடியோவில் வட்டமாக வளைத்துக் காட்டுவார்கள், அது உங்களுக்கு வேண்டாம்.

---

கரும்பலகை

நான் மதுரை. மச்சான் டொராண்டோவிலிருந்து சித்திரைக்கு வருகிறார். இதே வாளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா?

---

நீலக்கதவு

வேண்டாம். இந்தியாவில் வாள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமம் வேண்டும். விமான நிலையத்தில் வாளும் போகும், மச்சானின் விடுமுறையும் போகும். ஆசை இருந்தால் கூர் இல்லாத அலங்காரப் பிரதியைப் பற்றி உள்ளூரிலேயே விசாரியுங்கள். டேராடூனில் விண்ட்லாஸ் என்ற நிறுவனம் 1943 முதல் இருக்கிறது, உலகம் முழுக்க வாள்கள் அனுப்புகிறார்கள். வாங்கும் முன்னால் உங்கள் மாவட்டத்தில் என்ன விதி என்று காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மழைவாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

சாக்பீஸ் பொடியில் கோடு வரவில்லை. இரண்டு தடவை செய்து பார்த்தேன். மூலையை வட்ட அரத்தால் தேய்க்க நான்கு இரவு ஆனது. அண்ணா சொன்ன மாதிரியே, அழுத்தினால்தான் கடித்தது, தூள் சாம்பல் நிறத்தில் மாவு போல விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தோல் வைத்து இறுக்கியதும் 'டிக்' போய்விட்டது. வளைத்துப் பார்த்தேன், திரும்ப நேராக வந்து நின்றது.

போன ஞாயிறு நண்பர் ஒருவருடைய பண்ணை நிலத்துக்குப் போனோம். மனைவியும் பிள்ளைகளும் காருக்குள். மரக்கட்டைமேல் இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். முதல் வெட்டில் பாட்டில் பறந்துபோய் விழுந்தது, அடிவாங்கியது போல ஒரு பள்ளம் மட்டும். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் குறித்து வைத்த அந்த அமைதியான இடம் படும்படி வீசினேன். கைக்கு எதுவும் தெரியவில்லை. பட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. பார்த்தால் மேல்பாதி புல்லில் கிடக்கிறது, கீழ்ப்பாதி கட்டைமேல் நின்றபடியே, தண்ணீர் விளிம்புவரை ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும். முதல் இரண்டு ஏன் வெட்டவில்லை? கூர் போதவில்லையா?

---

பட்டறைக்காரன்

கூர் இல்லை தம்பி, அலகின் முகம் திரும்பியிருக்கும். வீச்சு போகும் பாதையும் வாளின் கூர் விளிம்பும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் தட்டையாக அடிக்கும். முன்கனமான வாளில் கைகள் களைத்ததும் அது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதனால் ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டிலோடு நிறுத்துங்கள். அதே கூரில்தானே மூன்றாவது வெட்டியது?

தண்ணீர் பட்ட அலகை அன்றே துடைத்து எண்ணெய் தடவினீர்களா? 5160 ஒரே இரவில் துருப் பிடிக்கும். எழுத்துகள் பொறித்த பள்ளத்துக்குள் தண்ணீர் தங்கும், அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எண்ணெய் போடுங்கள். குமிழைக் கழற்றி அந்த மூலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.